போக நாலு, வர மூணு

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போகக்கூடாது என்பது கரூர் பாலாஜி நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில் யாரும் கேள்வி கேட்காத சங்கதி. பெண் பார்க்கப் போனாலும், பத்திரம் பதியப் போனாலும், பெரியாஸ்பத்திரிக்குக் கட்டி எடுக்கப் போனாலும், மூன்று பேர் என்று ஆகிவிட்டால் வாசலில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நாலு பேராகத்தான் போவார்கள். காரியம் முடிந்து திரும்பும் வழியில் அந்தக் கல்லை எங்காவது போட்டுவிட்டு மூன்று பேராக வீடு சேருவார்கள். கல்லைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது, கல்லுக்குப் பேர் வைக்கக்கூடாது என்று அதற்கு இரண்டு விதிகள் உண்டு. முதல் விதி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஏனென்றால் கல்லுக்குப் பேர் வைக்கும் அவசியம் அதுவரை யாருக்கும் வந்ததில்லை.

தேன்மொழியின் வீட்டில் மூன்று பேர். கணவர் லோகநாதன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் பொருத்துகிறவர். சாலையில் ஒரு வண்டி போனால் அதன் நிறம் அவர் கண்ணில் படாது, முப்பத்தாறு சீட்டா நாற்பத்தொன்றா என்பதுதான் படும். மகள் தாரிகாவுக்கு ஒன்பது வயது. தேன்மொழிக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் மேசை வேலை. ஒரு விரிப்பு, இரண்டு தலையணை உறை என்று செட் செட்டாக வருவதைப் பிரித்துப் பார்த்து, குறையுள்ளதைக் கண்டுபிடித்து, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். அவளை லோகநாதன் 'ஏம்புள்ள' என்பார், தெரு 'தாரிகாம்மா' என்னும், மேசையில் 'செக்கிங்கக்கா.' தேன்மொழி என்ற பேர் காகிதங்களில்தான் இருந்தது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததில்லை. அந்தத் தெருவில் எந்தப் பெண்ணின் பேரும் வேறெங்கும் இருக்கவில்லை.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்குத் தெருவில் ஒன்பது குடும்பங்கள் சேர்ந்து அற்புதபுரிக்குப் போவதென்று முடிவாயிற்று. மலையடிவாரத்தில் இருநூறு ஏக்கரில் செயற்கைக் கடலும், பனிக் குகையும், ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடும் ராட்டினமும், தங்குவதற்கு மரத்தின் மேல் அறைகளும் கொண்ட உல்லாச நகரம் அது. அற்புதபுரிக்காரர்களுடைய பஸ்ஸே தெருமுனைக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய், மூன்றாம் நாள் கொண்டுவந்து விடும். பட்டறை மேஸ்திரி குழந்தைவேலு பட்டியலும் பேனாவுமாக ஒரு மாதம் தெருவைச் சுற்றி வந்தார். மாவு அரைத்து விற்கும் பாப்பாத்தியக்காவின் கடை வாசலில் தினமும் சாயங்காலம் கூட்டம் கூடி, வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா, விடாவிட்டால் தயிர்சோற்றை எந்தப் பையின் அடியில் வைப்பது, செயற்கைக் கடலில் அலை எத்தனை மணிக்கு அடிக்கும் என்றெல்லாம் பேசித் தீர்த்தது.

"நைலான் துணி போட்டாத்தான் தண்ணிக்குள்ள உடுவாங்களாம்" என்றார் குழந்தைவேலு.

"நானு நைட்டியோடதான் எறங்குவேன். கடலு அவங்க கட்டுனதுதானுங்களே, என்னைய மூழ்கடிச்சிருமா?" என்றாள் பாப்பாத்தியக்கா.

பதிவுப் படிவத்தை ஒவ்வொரு குடும்பமும் செல்போனில் தாங்களே நிரப்ப வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது தாரிகா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு பேர் இல்லாமல் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது.

"ஏனுங்க, நாலு பேரு வேணுமாம்" என்றாள் தேன்மொழி.

"அதுக்கென்ன புள்ள, எப்படியும் கல்லு எடுத்துட்டுத்தானே போவோம். அதையே நாலாவது ஆளாப் போட்டுரு" என்றார் லோகநாதன், ரசத்துக்குக் கையைக் குழித்தபடி.

தாரிகா உடனே எழுந்து ஓடி, வாசலிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வந்தாள். கைப்பிடிக்குள் அடங்கும் பழுப்புக் கல், ஒரு பக்கம் சில்லு பெயர்ந்தது. அதைக் கழுவித் துடைத்துச் சமையலறை மேடையில் வைத்துப் படம் எடுத்துப் படிவத்தில் ஏற்றினாள். பேர் என்ற இடத்தில் தாமிரா என்று போட்டாள். தங்கை பிறந்தால் வைக்கலாம் என்று இரண்டு வருஷமாக வைத்திருந்த பேர் அது. வயது ஏழு. உயரம் மூன்றரை அடி. உறவு தங்கை. குழந்தைக்கு ஏதும் பயம் உண்டா என்று படிவம் கேட்டதற்கு அவள் கொஞ்ச நேரம் யோசித்து, 'விட்டுட்டுப் போறது' என்று எழுதினாள். ஐந்து வயதில் கொடைக்கானல் போய்த் திரும்பும்போது அப்பா கொண்டை ஊசி வளைவில் ஜன்னல் வழியாகக் கல்லை எறிந்ததைப் பார்த்து, வத்தலக்குண்டு வரும்வரை அழுதவள் அவள்.

கடைசிப் பக்கத்தை லோகநாதன் தானே வாங்கிப் பார்த்தார். சீட் விஷயத்தை அவர் யாரிடமும் விடுவதில்லை. "திரும்பறதுக்கு மூணு போதும். கல்லைத் திருப்பிக் கொண்டாரக் கூடாதில்ல" என்று சொல்லி, எச்சில் படாத இடது கை விரலால் அழுத்தினார். செல்வோர் நாலு, திரும்புவோர் மூன்று என்று உறுதிச் செய்தி வந்தது. அற்புதபுரி உங்களை எண்ணிக்கொண்டிருக்கிறது என்று அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது.

வியாழக்கிழமை காலை பால் காய்ச்ச தேன்மொழி சமையலறைக்குள் போனபோது, மேடையில் கல் இருந்த இடத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பழுப்பு நிறம், வலது முழங்காலில் சில்லு பெயர்ந்ததுபோல் ஒரு பழைய தழும்பு. "பசிக்குது" என்றாள். தேன்மொழி அடுப்பைப் பற்றவைத்துத் தோசை வார்த்தாள். மூன்று தோசைக்கு மேல் வேண்டாம் என்றுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைத்ததைப் பார்த்து, வளர்ப்பு நல்ல வளர்ப்புதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தெரு அதை ஒரு வாரத்தில் சரிக்கட்டிக்கொண்டது. பேர் எழுதியாகிவிட்டதால் வந்துவிட்டாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவள் அப்பா சாயலா அம்மா சாயலா என்பதில்தான், அதில் தெரு இரண்டாகப் பிரிந்து மாவுக் கடை வாசலில் சண்டை போட்டது. டெய்லர் இரண்டு பெண்களுக்கும் ஒரே துணியில் கவுனுக்கு அளவெடுத்தார். பள்ளி ஆட்டோக்காரர் முன்சீட்டில் இடம் ஒதுக்கினார். இரண்டாம் வகுப்பு டீச்சர், பரீட்சை முடியும் சமயத்தில் எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டில் கடைசியில் எழுதிக்கொண்டார். முனைவீட்டு ரங்கம்மா, தனக்கும் தன் புருஷனுக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளையில்லாததால், வாசலில் நின்று கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பலரும் கண்டார்கள். அவளை யாரும் கேலி செய்யவில்லை. தாமிராவை முதல் நாள் தூக்கியவர்கள், பொட்டுப் பிள்ளை இந்தக் கனம் கனக்கிறாளே என்றார்கள். நாளாக ஆக அவள் கனம் குறைந்து மற்றப் பிள்ளைகள்போல் ஆனாள்.

குறைந்த கனம் எங்கே போயிற்று என்பது பத்தாம் நாள் தெரிந்தது. தாரிகா ஏறினால் ஆட்டோவின் பின்சக்கரம் அமுங்குவதாக ஆட்டோக்காரர் சொன்னார். ஊஞ்சலில் உட்கார்ந்தால் கயிறு முனகியது. ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்ப நேரம் பிடித்தது. தலைக்கு ஊற்றும்போது தேன்மொழியின் கையில் பட்ட முதுகு, வெந்நீருக்குப் பிறகும் சில்லென்று இருந்தது. டாக்டர் ரத்தச்சோகை என்று டானிக் எழுதினார். தெரு இதையும் சரிக்கட்டிக்கொண்டது: படியேற்ற இரண்டு பேர் கை கொடுத்தார்கள், வகுப்பில் இரும்பு நாற்காலி ஒன்று போட்டார்கள், சில பிள்ளைகள் கோடையில் இப்படித்தான் மந்தமாகும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னார்கள்.

பாப்பாத்தியக்கா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. கிலோ கிலோவாக மாவு அள்ளிப்போடும் கை அது, தராசுக்கு முன்பே எடை சொல்லிவிடும். தாரிகாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தவள், தூக்க முடியாமல் விட்டாள்.

"தாரிகாம்மா, படிவத்துல திரும்பறது எத்தனை போட்டீங்க?"

"மூணுங்க்கா."

"போறது?"

"நாலு."

பாப்பாத்தியக்கா கையில் ஒட்டிய மாவை வழித்துக்கொண்டே இருந்தாள். "நாலாப் போயி மூணாத் திரும்பணும்னா ஒண்ணு கல்லா இருக்கோணுமுல்ல, அம்மிணி. சின்னவ இப்ப கல்லு இல்ல. அது யாரையாச்சும் தேடுமுல்ல."

தேன்மொழி வீட்டுக்குக்கூடப் போகாமல் அங்கேயே மாவுக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து அற்புதபுரிக்குப் போன் போட்டாள். பின்னால் அருவி விழும் சத்தத்துடன் ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள். திரும்பும் சீட்டைக் கூட்ட முடியாது, பஸ் நிறைந்துவிட்டது. வேறு வண்டியில் திரும்ப முடியாது, உள்ளே வந்தவர்கள் எண்ணிக்கை பஸ்ஸோடு சரிபார்க்கப்படும். நாங்கள் வரவே இல்லை என்றால்? பஸ் புறப்பட்டுவிட்டால் பட்டியலில் உள்ளவர்கள் வந்ததாகவே பதிவாகும் மேடம், திரும்பும்போது மூன்று பேர்தான் திரும்புவார்கள்.

"அப்பறம் என்னதாங்க பண்றது?"

"பதியறப்பத்தான் நாலு பேர் வேணும், இப்ப ஒரு பேரை நீக்கலாம் மேடம். வெள்ளிக்கிழமை வரைக்கும் வசதி இருக்கு. நீக்கினா போறதும் மூணு, வர்றதும் மூணு. சரியாயிடும். யாரோட பேரை நீக்கணும்?"

தேன்மொழி பிறகு சொல்வதாகச் சொன்னாள்.

லோகநாதனுக்கு இதில் யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. "சின்னவ பேரை எடுத்துரு. என்ன இருந்தாலும் கல்லுதானே புள்ள" என்றார். சொல்லும்போது அவர் மடியில் தாமிராதான் உட்கார்ந்து, அவர் சட்டைப் பையிலிருந்த திருப்புளியை எடுத்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினாரே தவிர அவளை இறக்கிவிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தேன்மொழி தாமிராவைத் தலை பின்ன உட்காரவைத்தாள். இது பார்த்துப் பழகிய வேலைதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்: நாலில் ஒன்று குறை, எது என்று கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். பதினைந்து வருஷமாகச் செய்வது. தலையில் பேன் இருந்தது. கல்லாக இருந்தவளுக்குத் தாரிகாவிடமிருந்து தொற்றிய பேன்.

"அம்மா, என்னையத் தூக்கிப் போட்டீங்கன்னா நா அழ மாட்டேன்" என்றாள் தாமிரா, தலையை அசைக்காமல். "எனக்கு முன்னாடியே பழக்கம். அக்காதான் அழும்."

சுவரோரம் தாரிகா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து மிக மெதுவாக ஒரு துளி இறங்கி, கன்னத்தின் பாதியில் நின்றுவிட்டது.

தேன்மொழி பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். போனை எடுத்துப் படிவத்தைத் திறந்து, நாலு பேர்களையும் ஒரு முறை படித்தாள். பிறகு தன் பேரைத் தொட்டு நீக்கினாள். உறுதியாக நீக்கலாமா என்று அது கேட்டது, ஆமாம் என்றாள். அவளுக்கு அது பெரிய தியாகமாகத் தோன்றவில்லை. போகிறவர்கள் மூன்று, வருகிறவர்கள் மூன்று, விடுபடுகிறவர் யாருமில்லை. மூன்று நாள் வீட்டில் தனியாக இருந்து மெத்தையை வெயிலில் போட்டு, வடகம் பிழிந்துவிடலாம். தலைகீழாகத் தொங்கும் ராட்டினத்தில் அவளுக்கு முதலிலிருந்தே ஆசை கிடையாது.

தாரிகாவின் கன்னத்தில் நின்றிருந்த துளி கடகடவென்று கீழே இறங்கியது. அவள் மூக்கை உறிஞ்சினாள், எழுந்தாள், ரிப்பன் எனக்கும் வேணும் என்று கத்தினாள். பத்து நிமிஷத்தில் இரண்டு பெண்களும் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காலடிச் சத்தம் ஒரே அளவாக இருந்ததைக் கேட்டுக்கொண்டு அவள் படியில் உட்கார்ந்தாள். எழ நினைத்தபோது முழங்கால் கனத்தது. நாலைந்து நாளாகப் பட்ட கவலை என்று நினைத்தாள்.

மறுநாள் கம்பெனியில் அவளுடைய அட்டையைக் கதவருகே இருந்த இயந்திரம் படிக்கவில்லை. விடுமுறைக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோமே என்று திரும்பி வந்துவிட்டாள். திங்கள்கிழமை லோகநாதன் காபியை மூன்று டம்ளரில் ஆற்றினார். செவ்வாய்க்கிழமை மாவுக் கடை வாசலில் பேச்சு நடக்கும்போது எல்லோரும் அவளைச் சுற்றி நடந்தார்கள், ஆனால் அவளைப் பார்த்து நடக்கவில்லை. வழியில் கிடப்பதைச் சுற்றிப் போவதுபோல் போனார்கள். பாப்பாத்தியக்கா மட்டும் ஒருமுறை நின்று, "இங்க என்னமோ கேக்கோணும்னு நெனச்சேன்" என்றுவிட்டு, நினைவு வராமல் உள்ளே போனாள். பிள்ளைகள் மட்டும் புதன்கிழமை வரை அம்மா என்று கூப்பிட்டார்கள். வியாழக்கிழமை பரபரப்பில் அவர்களுக்கு யாரையும் கூப்பிட நேரமில்லை. அவள் அதற்கெல்லாம் மனம் கலங்கவில்லை. பயணம் போகிற வீட்டில் போகாதவர் ஒருவர் இருந்தால் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ் தெருமுனையில் வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் வாயைப் பிளந்து சிரிக்கும் யானை ஒன்று வரைந்திருந்தது. நாற்பத்தொரு சீட் என்று லோகநாதன் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். ஒன்பது குடும்பங்களும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஏறின. ரங்கம்மா ஏறும்போது புடவைத் தலைப்பில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். அதைக் கையால் பொத்தியபடியே இருந்தாள்.

போகாதவள் வாசல் கேட்டின் ஓரம் நின்றிருந்தாள். புளிசோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்ப மறந்தது நினைவுக்கு வந்தது, ஆனால் பொட்டலம் எங்கே என்று பார்க்கத் தலை திரும்பவில்லை. கேட்டின் தாழ்ப்பாள் தன் தலைக்கு மிக உயரத்தில் இருப்பதைக் கண்டாள். வெயில் இன்னும் ஏறாத மண் குளிர்ச்சியாக இருந்தது.

"லோகநாதன், தாரிகா, தாமிரா. ஆக மூணு" என்று குழந்தைவேலு பட்டியலில் கோடு போட்டார்.

பஸ் ஜன்னலிலிருந்து பாப்பாத்தியக்காவின் தலை வெளியே வந்தது. "ஏனுங் லோகு, மூணு பேராவா போறீங்க? நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப! எறங்கி ஒரு கல்லை எடுத்துக்குங்!"

"அட ஆமாங்க, மறந்தே போச்சு பாருங்க" என்று தலையில் தட்டிக்கொண்டு லோகநாதன் இறங்கினார்.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தவள் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அவர் வாசலுக்கு வந்தார். சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அவர் குனிந்தார். ரெக்சின் பசையும் இரும்பும் மணக்கும், பதினோரு வருஷமாகத் தெரிந்த ஐந்து விரல்கள் அவளைச் சுற்றி மூடின. மண்ணைப் பேன்ட்டில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார்.

"கைக்கு அடக்கமாத்தான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டு ஏறி, தாரிகாவிடம் கொடுத்தார். "பத்திரமா வெச்சுக்க சாமி. திரும்பறப்ப வளைவுல போட்டுறலாம்."

பஸ் கிளம்பியது. தாரிகா கல்லை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குப் பேர் வெக்கலாமா?"

"கல்லுக்கெல்லாம் யாராச்சும் பேர் வெப்பாங்களா? வெளையாடாம உக்காரு" என்றார் லோகநாதன். சீட்டைச் சாய்த்து, அதன் திருகு தளர்ந்திருப்பதைக் கண்டு குறை சொல்லி, பசுபதிபாளையம் தாண்டுவதற்குள் தூங்கிப்போனார்.

தாமிரா நெருங்கி வந்து கல்லின் மேல் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். "ஜன்னல் ஓரமா வெக்காதக்கா" என்றாள். "இதுக்கு ஏற்கெனவே பேர் இருக்குது."

"என்ன பேரு?"

"தெரியல. கூப்புட்டாத் திரும்பிப் பாக்கும்."

ஆகவே அவர்கள் கூப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். முதலில் நாலாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் உள்ள பேர்கள் எல்லாவற்றையும், பிறகு இரண்டாம் வகுப்பு, பிறகு டீச்சர்கள், பிறகு டிவியில் வருகிறவர்கள், தெரு நாய்கள் இரண்டு, ஆட்டோக்காரரின் மகள். ஒவ்வொரு பேருக்கும் பிறகு இருவரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். மலை தூரத்தில் நீலமாகத் தெரிய ஆரம்பித்தது. கல் தாரிகாவின் மடியில் கிடந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பது வருஷமாக ஒருத்தியும் ஒரு மாதமாக இன்னொருத்தியும் வாய் ஓயாமல் கூப்பிட்ட அந்த ஒரு சொல் இருவருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் எழுதுகிற பேர் இல்லையே அது.